பல்பு கதை போதும் செனட்டர் சார், பைப் கதைய சொல்லுங்க

நியூஜெர்சி தலைநகர் ட்ரென்டன்ல உக்காந்திருக்கிற 40 ஸ்டேட் செனட்டர்களுக்கும், முக்கியமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா தவறாம வாராந்திர மெயில் அனுப்புற எங்க ஏரியா செனட்டருக்கும் வணக்கம்.

உங்க பேர இதுல போடல. எங்க ஊர் பேரும் போடல, மிடில்செக்ஸ் கவுண்டி, எடிசனுக்கு பக்கம்னு வெச்சுக்கோங்க. இது ஒருத்தர புடிச்சு திட்டுற மடல் இல்ல, மத்த டவுன்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கேட்டு பார்த்தேன், அவங்களுக்கு வர்ற மெயிலும் கிட்டத்தட்ட இதே அச்சுல வார்த்த மாதிரிதான் இருக்கு. தமிழ்ல எழுதுறேன், உங்களுக்கு படிக்க வராது, ஆபீஸ்ல மெஷின்ல போட்டு மாத்தி படிச்சுக்கோங்க. உண்மைய சொல்லணும்னா இத நம்ம ஆளுங்களும் படிக்கணும்னுதான் தமிழ்ல எழுதுறேன், ஏன்னா உங்க மெயில திறக்காமலே டெலீட் பண்றதுல நாங்கதான் முதல் ஆளு, நானே நாலஞ்சு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

இப்ப படிக்கிறேன். ஒழுங்கா படிச்சு பார்த்தா மெயில்ல எப்பவும் மூணு கட்டம். மேல நீங்க எங்கயோ ரிப்பன் வெட்டுற ஃபோட்டோ, அத விட்ருவோம். அப்புறம் முதல் கட்டம் சேஃப்டி டிப்ஸ், ஸ்மோக் அலாரம் பேட்டரி மாத்துங்க, கார் மேல இருக்கிற ஸ்னோவ தட்டிட்டு வண்டிய எடுங்க, தண்ணி நிக்கிற ரோட்டுல ஓட்டாதீங்க. ரெண்டாவது கட்டம் சட்டம், நான் இந்த மசோதா கொண்டு வந்திருக்கேன் அந்த மசோதாவுக்கு கோ-ஸ்பான்சர் பண்ணிருக்கேன்னு. மூணாவது, கடைசில, இலை ஓரத்துல வெச்ச ஊறுகாய் மாதிரி நாலு வரி லோக்கல் ஹிஸ்டரி. அது பாதி நேரம் எடிசன் பல்புதான். 1876ல மென்லோ பார்க்ல லேப் ஆரம்பிச்சார், 1879ல பல்ப எரிய வெச்சார், ராரிட்டன் டவுன்ஷிப்னு இருந்த ஊருக்கு 1954ல அவர் பேர வெச்சாங்க. சந்தோஷம், பெரிய மனுஷன், ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா எங்க பையன் எலிமெண்டரி ஸ்கூல்லயே இத மூணு தடவ ப்ராஜெக்ட் பண்ணிட்டான் சார்.

என் பிரச்சனை என்னன்னா இந்த மூணு கட்டமும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவே மாட்டேங்குது. ஒரே வீட்டுல மூணு ரூம்ல கதவ சாத்திட்டு இருக்கிற மூணு பேர் மாதிரி.

நடந்தத சொல்றேன். ஒரு ஏப்ரல் மாசம், பேக்யார்ட்ல ஃபென்ஸ் போடலாம்னு முடிவு பண்ணோம், நாய் வாங்கணும்னு பையன் ஒத்தக்கால்ல நின்னான், நாய்க்கு முன்னாடி ஃபென்ஸ்னு வீட்டுல அம்மா சட்டம் போட்டாங்க. அந்த வாரம் உங்க மெயில்ல ஒரு கார்ட்டூன் மண்வெட்டி படம் போட்டு தோண்டுறதுக்கு முன்னாடி 811க்கு கால் பண்ணுங்கன்னு ஒரு வரி இருந்தது. ஃபென்ஸ்காரரும் அதையே சொன்னார், கூப்பிட்டேன். காசு கிடையாது, தோண்டுறதுக்கு குறைஞ்சது மூணு வேலை நாள் முன்னாடி சொல்லணும், அவ்ளோதான். மண்ணுக்குள்ள எது எங்க போகுதுன்னு காட்ட ஆளுங்க வந்து புல்லுல கலர் கலரா குட்டிக்கொடி நட்டுட்டு போனாங்க, நீலம்னா தண்ணி, சிவப்புன்னா கரண்ட், ஆரஞ்சு கேபிள், மஞ்சள் கேஸ். நம்ம ஊர் கட்சி மாநாடு மாதிரி இருந்தது பேக்யார்ட். பையன் ஒரு மஞ்சக்கொடிய புடுங்கி கையில வெச்சு ஆட்டிட்டு இருந்தான், அப்ப வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பக்கத்து வீட்டு தாத்தா போட்டார் பாருங்க ஒரு சத்தம்.

அதுவரைக்கும் அந்த மனுஷன் குரல் உசத்தி நான் கேட்டதே இல்ல. இட்டாலியன் வம்சம், தக்காளி காய்ச்சா எங்க வாசல்ல ஒரு பை வெச்சுட்டு போவார், பதிலுக்கு நாங்க கொடுக்கிற சாம்பார முதல்ல சூப்புன்னு நெனச்சு ஸ்பூன்ல குடிச்சவர். சின்ன வயசுல வாலண்டியர் ஃபயர்மேனா இருந்திருக்கார். அந்த கொடிய இருந்த இடத்துலயே திரும்ப நட வெச்சுட்டு, மஞ்சக்கொடி விளையாட்டு சாமான் இல்லன்னு சொல்லிட்டு, அங்கயே நின்னு ஒரு மணி நேரம் கதை சொன்னார்.

1994 மார்ச் 23, ராத்திரி பன்னெண்டு அடிக்க அஞ்சு நிமிஷம். எடிசன்ல டர்ஹாம் வுட்ஸ்னு அபார்ட்மெண்ட். பக்கத்துல மண்ணுக்குள்ள 36 இஞ்ச் விட்டத்துல ஒரு கேஸ் பைப்லைன் போகுது, நம்ம தெருவுக்கு வர்ற சின்ன பைப் இல்ல, ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற பெரிய லைன். அது வெடிச்சிருச்சு. தீ நூத்துக்கணக்கான அடி உயரத்துக்கு எழும்புச்சு. நடுராத்திரில வானம் ஆரஞ்சா மாறி அவர் வீட்டு ஜன்னல் எல்லாம் அதிர்ந்துச்சாம், ஏரோப்ளேன் விழுந்துருச்சுன்னுதான் முதல்ல எல்லாரும் நெனச்சாங்களாம். தீ நேரா கட்டடத்த தொடல, அந்த சூட்டுலயே கூரை எல்லாம் பத்திக்கிச்சு, அதுக்கு சில நிமிஷம் ஆச்சு, அந்த சில நிமிஷத்துலதான் ஜனங்க நைட்டியோட, செருப்பு இல்லாம, குழந்தைய தூக்கிட்டு ஓடி தப்பிச்சாங்க. எட்டு கட்டடம் மொத்தமா போச்சு. ஏறக்குறைய 1,500 பேர வெளியேத்தினாங்க. அவ்ளோ பெரிய தீயில இறந்தது ஒரே ஒரு பெண்மணி, அதுவும் ஹார்ட் அட்டாக்ல.

இனிமேதான் எனக்கு தூக்கம் போன விஷயம். அப்புறம் என்டிஎஸ்பி, அதான் விபத்து விசாரிக்கிற ஃபெடரல் அமைப்பு, விசாரிச்சு என்ன சொன்னாங்கன்னா, எப்பவோ யாரோ அந்த இடத்துல மெஷின் வெச்சு தோண்டும்போது பைப்ப கீறிட்டாங்க. உரசிட்டு, யார்கிட்டயும் சொல்லாம, மண்ண போட்டு மூடிட்டு போய்ட்டாங்க. அந்த கீறல் உள்ளயே இருந்து கொஞ்சம் கொஞ்சமா விரிசலாகி ஒரு நாள் ராத்திரி வெடிச்சிருக்கு. சரி வெடிச்சிருச்சு, கேஸ அடைக்கணுமே, ஆளு போய் கையால திருகி மூடுற வால்வு, கேஸ் நிக்க ஏறத்தாழ ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ரெண்டரை மணி நேரம் சார். ஒரு சினிமா ஓடுற நேரம்.

அந்த வருஷமே, 1994லயே, நியூஜெர்சில சட்டம் வந்தது. தோண்டுறவன் எவனா இருந்தாலும் முன்னாடியே சொல்லணும், பைப்காரன் கேபிள்காரன் வந்து அடையாளம் போட்டுத்தான் ஆகணும்னு. என் வீட்டு புல்லுல நின்ன அந்த குட்டிக்கொடி அந்த சட்டத்தோட பேரன்தான்.

இப்ப சொல்லுங்க. உங்க மெயில்ல முதல் கட்டத்துல மண்வெட்டி கார்ட்டூன். மூணாவது கட்டத்துல பல்பு. நடுவுல சட்டம். இந்த மூணையும் கோக்கிற கதை எங்க கவுண்டிலயே நடந்திருக்கு, உங்க மெயில்ல ஒரு வரி இல்ல, எனக்கு சொன்னது வேலிக்கு அந்தப்பக்கம் நின்ன தாத்தா. 811க்கு கூப்பிடுங்கன்னு சொன்னா சரி கூப்பிடுறேன்னு தள்ளிப்போடுவான், அந்த கீறல் கதைய சொல்லி கூப்பிடுங்கன்னு சொன்னா ரோஜாச்செடி நடுறதுக்கே போன் எடுப்பான் நம்ம ஆளு.

அந்த கதைக்கு மிச்சமும் இருக்கு, அதையும் எழுதலாம் நீங்க. 2010ல கலிஃபோர்னியா சான் புரூனோல இதே மாதிரி கேஸ் பைப் வெடிச்சு எட்டு பேர் செத்தாங்க, அங்கயும் கேஸ நிறுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. 2022லதான் ஃபெடரல்ல விதி போட்டாங்க, ஆறு இஞ்ச் அல்லது அதுக்கு மேல விட்டம் இருக்கிற புது லைனுக்கும் மாத்திப்போடுற லைனுக்கும் வெடிச்சா சீக்கிரம் மூடுற வால்வு வேணும், வெடிப்புன்னு கண்டுபிடிச்சதுல இருந்து அரை மணி நேரத்துல மூடணும்னு. புதுசுக்கும் மாத்துறதுக்கும்தான், ஏற்கனவே மண்ணுக்குள்ள படுத்திருக்கிற பழைய லைன அது தொடல. ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற பைப்லைன் உங்க கையில இல்ல, வாஷிங்டன் விஷயம்னு எனக்கும் தெரியும். ஆனா ட்ரென்டன்ல என்ன பண்ண முடியும், என்ன முடியாதுன்னு சொல்றதுக்குத்தானே சார் அந்த மெயில்.

அடுத்து தண்ணி. இது எங்க வீட்டு கதை. வீடு வாங்கினது 2018. பேஸ்மென்ட் புதுசா பெயிண்ட் அடிச்சு கார்ப்பெட் போட்டு பளபளன்னு இருந்தது, நாங்க ரெண்டு பேரும் அங்க நின்னு இங்க கொலு வெக்கலாம் இங்க டிவி வெக்கலாம்னு பிளான் போட்டோம். தண்ணி வருமான்னு கேட்டோமா, கேக்கல. வித்தவங்க சொன்னாங்களா, சொல்லல. அப்ப வெள்ளத்த பத்தி எழுத்துல சொல்லித்தான் ஆகணும்னு இங்க தனியா சட்டம் எதுவும் இல்ல.

2021 செப்டம்பர் 1. ஐடா புயல். சாயங்காலம் ஆரம்பிச்ச மழை, நியூவர்க்ல மட்டும் ஒரே நாள்ல எட்டு இஞ்சுக்கு மேல கொட்டுச்சு. ஃபோன் எல்லாம் கத்துது, ஃப்ளாஷ் ஃப்ளட், டொர்னேடோன்னு மாத்தி மாத்தி, எதுக்கு பேஸ்மென்ட்டுக்கு ஓடணும் எதுக்கு மாடிக்கு ஓடணும்னே புரியல. கரண்ட் போச்சு, கரண்ட் போனதும் பேஸ்மென்ட் குழில சேர்ற தண்ணிய வெளிய தள்ளுற சம்ப் பம்ப் நின்னுது, அது நின்ன அஞ்சாவது நிமிஷம் குழில இருந்து தண்ணி பொங்க ஆரம்பிச்சது. நானும் அவளும் டார்ச் வெச்சுட்டு பெட்டிய தூக்குறோம். கொலு பொம்மை பெட்டி நாலு, அடியில இருந்தது. எங்க அம்மா பண்ருட்டில வாங்கி, பழைய தினத்தந்தில சுத்தி, மூணு ட்ரிப்ல கைப்பெட்டில கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்தது. தூக்கும்போது அட்டை ஊறி அடி பிஞ்சு செட்டியார் தண்ணிக்குள்ள விழுந்தார். மறுநாள் எடுத்து பார்த்தா தலை மட்டும் இருக்கு, உடம்பு சேறு. பொம்மைக்கு அழுறதான்னு நீங்க கேக்கலாம், அன்னிக்கு ராத்திரி நியூஜெர்சில 30 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல கார்ல மாட்டினவங்க, எலிசபெத்ல ஒரே அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸ்ல மட்டும் நாலு பேர். அத பார்த்தப்புறம் நாங்க பொம்மைய பத்தி வாய திறக்கல.

மறுநாள் காலையில தாத்தா ஈரம் உறிஞ்சுற வேக்யூம் தூக்கிட்டு வந்தார். வந்தவர் சாதாரணமா சொன்னார், 1999ல ஃப்ளாய்ட் வந்தப்பவும் உங்க பேஸ்மென்ட்ல தண்ணி, 2011ல ஐரீன் வந்தப்பவும் தண்ணி, உங்களுக்கு தெரியும்னு நெனச்சேனேன்னு. தெருவுக்கே தெரியும். பணம் போட்டு வாங்கினவனுக்கு மட்டும் தெரியாது.

அப்புறம் 2023 ஜூலைல சட்டம் கையெழுத்தாச்சு, 2024 மார்ச் 20ல இருந்து வீடு விக்கிறவங்க வெள்ள அபாயத்த எழுத்துல சொல்லணும், வாடகைக்கு விடுறவங்களுக்கும் அதே மாதிரி கடமை இருக்குன்னு. நல்ல சட்டம், கை தட்டுறேன். ஆனா உங்க மெயில்ல அது எப்படி வந்தது தெரியுமா, ஒரு பில் நம்பர், ரெண்டு வரி வக்கீல் பாஷை, அவ்ளோதான். ஐடான்னு ஒரு வார்த்தை இல்ல. ஓக் ட்ரீ ரோடுல தோசை சாப்பிட்டுட்டு இருக்கிற எந்த தமிழனுக்கும், புதுசா வேலைக்கு வந்து மாசம் இவ்வளவுன்னு பேசி யாரோ ஒருத்தர் வீட்டு பேஸ்மென்ட்ல தங்கியிருக்கிற பையனுக்கும், இது தன்னோட விஷயம்னு எப்படி சார் தெரியும்? வாடகைக்கு விடுற நம்ம ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், புகாரெல்லாம் செனட்டர் மேல மட்டும் இல்ல.

சட்ட கட்டத்த பத்தி ஒரு தனி வருத்தம் இருக்கு. வாராவாரம் மசோதா கொண்டு வந்தேன், கொண்டு வந்தேன்னு எழுதுறீங்க. கொண்டு வந்தது என்ன ஆச்சுன்னு எழுதுறதே இல்ல. எனக்கும் முன்னாடி தெரியாது, கொண்டு வந்தா சட்டம் ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். கமிட்டிக்கு போகணும், கமிட்டி தலைவர் மனசு வெச்சு அஜெண்டால போடணும், அப்புறம் செனட்ல 21 ஓட்டு, அசெம்ப்ளில 41 ஓட்டு, அப்புறம் கவர்னர் மேசை. முக்காவாசி மசோதா கமிட்டிலயே கிணத்துல போட்ட கல்லு. ரெண்டு வருஷ செஷன் முடிஞ்சதும் நிறைவேறாத அத்தனையும் காலாவதி. 2026 ஜனவரில அப்படி முடிஞ்சுதுல்ல, அப்புறம் அதே மசோதா புது நம்பர் போட்டுக்கிட்டு உங்க மெயில்ல புது மாப்பிள்ளை மாதிரி திரும்ப வந்து நிக்குது. நான் பழைய மெயில தேடி எடுத்து பக்கத்துல வெச்சு பார்த்தேன், நம்பர் தவிர ஒரு எழுத்து மாறல. கொஞ்சம் சிரிப்பாவும் இருந்தது, கொஞ்சம் கோவமாவும் இருந்தது. எந்த கமிட்டில இருக்கு, எத்தனை மாசமா இருக்கு, ஓட்டுக்கு வந்ததுல நீங்க என்ன ஓட்டு போட்டீங்க, இத போட்டா மெயில் நாலு வரி நீளும், ரிப்பன் ஃபோட்டோவ கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம்.

ஹிஸ்டரின்னா பெருமையா மட்டும்தான் இருக்கணும்னு இல்ல. எங்க பையன் கார் நம்பர் பிளேட் மூலையில ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, 21 வயசுக்குள்ள ப்ரொபேஷனரி லைசென்ஸ் இருந்தா ஒட்டணும், 2010ல இருந்து. அசிங்கமா இருக்குப்பான்னு வாரம் ஒரு சண்டை, ஃப்ரெண்ட் வீட்டுக்கு போகும்போது கழட்டி சீட்டுக்கு அடியில போட்டுருவான், நான் தேடி எடுத்து திரும்ப ஒட்டுவேன். ஒரு நாள் அந்த சட்டத்துக்கு ஏன் கைலீ சட்டம்னு பேருன்னு எடுத்து காட்டினேன். 2006ல டீனேஜ் டிரைவர் ஓட்டின கார்ல போய் இறந்த ஒரு நியூஜெர்சி பொண்ணு. அன்னிக்கு ஒண்ணும் பேசல அவன். அதுக்கப்புறமும் ஸ்டிக்கர் புடிக்கல அவனுக்கு, ஆனா கழட்டுறதில்ல.

பொட்டு கதையும் அப்படித்தான். 1987ல ஜெர்சி சிட்டில டாட்பஸ்டர்ஸ்னு ஒரு கும்பல், டாட்னா நம்ம பொம்பளைங்க நெத்தியில வெக்கிற பொட்டு, இந்தியர்கள இங்க இருந்து விரட்டுவோம்னு நியூஸ்பேப்பருக்கே லெட்டர் எழுதினாங்க. அந்த வருஷமே ஹோபோக்கன்ல நவ்ரோஸ் மோடின்னு 30 வயசு ஆள ஒரு கூட்டம் அடிச்சே கொன்னுது. இன வெறுப்புல பண்ற குற்றத்துக்கு தண்டனை கூட்டி 1990ல நியூஜெர்சி சட்டம் போட்டது. நான் இங்க வந்து எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான் இது எனக்கே தெரியும். தீபாவளிக்கு மறக்காம வாழ்த்து அனுப்புறீங்க, ரொம்ப நன்றி, குத்துவிளக்கு படம்கூட அழகா இருந்தது, ஒரு செப்டம்பர்ல இதையும் நாலு வரி எழுதுங்களேன்.

அதுக்காக சேஃப்டின்னு பேர் வெச்சு வந்த எல்லா சட்டமும் யாரோ செத்ததாலதான் வந்ததுன்னு சொல்ல வரல, அப்படி நானும் ஏமாற மாட்டேன். இங்க கேஸ் ஸ்டேஷன்ல நம்மளே பெட்ரோல் போட்டுக்க கூடாதுன்னு 1949ல இருந்து சட்டம், பேர்லயே சேஃப்டி இருக்கு. ஆனா அப்ப மலிவு விலைக்கு செல்ஃப் சர்வீஸ்ல வித்து கூட்டத்த இழுத்த கடையால மத்த கடைக்காரங்களுக்கு வயித்தெரிச்சல், அதுவும் அந்த சட்டத்துக்குள்ள கலந்திருக்கு. ஓரிகான் ஸ்டேட்டும் 2023ல விட்டுட்டாங்க, இப்ப நம்ம ஸ்டேட் மட்டும்தான் பாக்கி. ஜனவரி குளிர்ல காருக்குள்ளயே உக்காந்து ஜன்னல இறக்கி ரெகுலர் ஃபில் அப்னு சொல்ற சுகம் இருக்கே, அதனால நான் இந்த சட்டத்த எதிர்க்க போறதில்ல. ஆனா கதைய கதையா சொல்லுங்க, படிக்க நல்லாத்தான் இருக்கும்.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அடுத்த மார்ச் 23 வர்ற வாரம் மண்வெட்டி கார்ட்டூன எடுத்துட்டு அந்த இடத்துல டர்ஹாம் வுட்ஸ் கதைய போடுங்க, அதுக்கு கீழயே 811, அதுக்கு கீழயே நீங்க என்ன பண்றீங்கன்னு. செப்டம்பர் 1க்கு ஐடா, கீழயே வீடு வாங்குறவங்களும் வாடகைக்கு போறவங்களும் என்ன கேக்கணும்னு. முடிஞ்சா தமிழ், தெலுங்கு, குஜராத்தி, ஸ்பானிஷ்லயும் போடுங்க, எங்க தெருவுல கணக்கெடுத்தா இங்கிலீஷ் மட்டும் பேசுற வீடு ரெண்டுதான் தேறும்.

இப்ப ரெண்டு கூட இல்ல, ஒண்ணுதான். தாத்தா போன வருஷம் வீட்ட வித்துட்டு ஃப்ளோரிடா போயிட்டார். போகும்போது தக்காளி நாத்தையும் அந்த வேக்யூமையும் எங்ககிட்ட கொடுத்துட்டு போனார். அந்த வீட்டுக்கு கோயம்புத்தூர் பக்கத்துல இருந்து ஒரு சின்ன வயசு ஜோடி வந்திருக்காங்க, நல்ல பசங்க, என்ன அண்ணான்னு கூப்பிடுறாங்க. போன ஞாயித்துக்கிழமை பேக்யார்ட்ல ஒரு ஆளோட டேப் புடிச்சு அளந்துட்டு இருந்தாங்க, டெக் கட்ட போறாங்களாம், தூணுக்கு குழி நாளைக்கே தோண்டலாம்னு அந்த ஆளு சொல்லிட்டு இருந்தார். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு 811க்கு கூப்பிட்டீங்களா தம்பின்னு கேட்டேன். முழிச்சான். செனட்டர் மெயில்ல போட்டிருந்தாங்களேன்னேன்.

எந்த மெயில்ணா, அந்த ரிப்பன் ஃபோட்டோ வருமே அதான்னு கேட்டான்.

இப்படிக்கு,
உங்க தொகுதில ஓட்டு போடுற, இனிமே மெயில டெலீட் பண்ணாத ஒருத்தன்.

(பதில் இங்கிலீஷ்லயே அனுப்புங்க, படிச்சுக்கிறேன்.)